அதத் தூக்கிப் போட்றாதீக!

எங்கள் மதினி வீட்டு வாசலில் ஒரு மிதியடி கிடக்கிறது. அதை மிதிக்கக் கூடாது.

தெரியாமல் மிதித்தவர்கள் இருக்கிறார்கள். “அய்யய்யோ, அது பின்னலு!” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். வந்தவர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பார். மூன்று பழைய பூனம் சேலைகளை நாடா நாடாவாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்து, நடுவில் கம்பளி நூலால் ஒரு மயிலையும் உட்கார வைத்த மிதியடி அது. மயிலைப் போய் யாராவது மிதிப்பார்களா? மிதிப்பதற்கென்று பக்கத்திலேயே ஒரு சாக்குத் துண்டு கிடக்கும். சாக்கில் காலைத் துடைத்துவிட்டு, மிதியடியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனால் எங்கே உட்காருவது என்பது அடுத்த பிரச்சினை. அண்ணன் அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். அவர் ஓய்வுபெற்ற மறு வாரமே காக்கிச் சட்டைகளெல்லாம் இலவம்பஞ்சு அடைத்த திண்டுகளாகிவிட்டன. பொத்தானும் பாக்கெட்டும் அப்படியே இருக்கின்றன. பாக்கெட்டில் டிவி ரிமோட். நான்கு திண்டுகளும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சாய்ந்தால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும் என்பதால் யாரும் சாயக் கூடாது. “முப்பத்திரண்டு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தேன்டா. இப்ப என் சட்டை உட்கார்ந்திருக்கு, நான் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பார் அண்ணன்.

மதினிக்குப் பேர் தேவையில்லை. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அத்தையாக, சித்தியாக, மாடிவீட்டு அக்காவாக. சில வீடுகளில் ரிட்டயரான பெரியப்பாவாக. கண்டுபிடிப்பது சுலபம். அவர் கண்ணெதிரே ஒரு காலி ஜாம் பாட்டிலைக் குப்பைக்கு எடுத்துப் போங்கள். பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் விட்டுவிட்டு வருகிறவரைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார். அப்புறம் அந்தக் குரல் வரும்: “அதத் தூக்கிப் போட்றாதீக!”

மதினி பிறந்தது மானாமதுரை. களிமண்ணைக் குழைத்து, தட்டி, சுட்டு, கடமாக்கிக் கச்சேரி மேடைக்கு அனுப்புகிற ஊர். மண்ணையே வாசிக்க வைத்த ஊர்க்காரருக்கு ஜாம் பாட்டில் எம்மாத்திரம்?

நமக்கெல்லாம் ஒரு பொருள் உடைந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. மதினிக்கு அப்போதுதான் ஆரம்பம். ஃபியூஸ் போன பல்பு, காது போன கப், ஜோடி தொலைந்த கம்மல், முட்டை ஓடு, பிஸ்தாத் தோல், கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டான் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒரே சிக்கல், சில சமயம் பொருள் உடையும்வரை மதினிக்குப் பொறுமை இருக்காது. அண்ணனின் மூக்குக்கண்ணாடி இன்னும் நல்லபடியாகத்தான் இருக்கிறது. அதன் கூடு மட்டும் போன வருஷமே ஊசிப் பெட்டியாகிவிட்டது. கண்ணாடி இப்போது டிபன் டப்பாவில் தூங்குகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுரங்கம் கல்யாணப் பத்திரிகை. தையும் வைகாசியும் ஆவணியும் மதினிக்கு அறுவடைக் காலம். பத்திரிகை கைக்கு வந்ததும் நாமெல்லாம் பெண் யார், மாப்பிள்ளை யார், எந்த மண்டபம் என்று பார்ப்போம். மதினி அட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிள்ளையார் எழும்பியிருக்கிறாரா, வெறும் அச்சா? எழும்பிய பிள்ளையார் என்றால் முகம் மலரும். சின்னக் கத்தரிக்கோலால் தும்பிக்கை வளைவில்கூடப் பிசிறு இல்லாமல் வெட்டியெடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவிடுவார். உட்கார்ந்த பிள்ளையார், நின்ற பிள்ளையார், ஆலிலைப் பிள்ளையார், மிருதங்கம் வாசிக்கிற பிள்ளையார் என்று நம் சனத்தின் அத்தனை நல்ல காரியமும் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது.

ஆனால் முன்பக்கத்துப் பிள்ளையாரை வெட்டினால் பின்பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துதானே வரும். அண்ணனோடு ஓடிய டிரைவர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் பத்திரிகையைப் பிரித்தார். “நிகழும் மங்களகரமான” என்று ஆரம்பித்து ஆவணி மாதம்வரை வந்தார். அதற்கப்புறம் அவருடைய சொந்த விரலே தெரிந்தது. ஓட்டை. ஓட்டையின் அந்தக் கரையில் “க்கிழமை காலை 7.30 மணிக்கு மேல் 9 மணிக்குள்” என்று இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் சில்லறைக் கணக்குப் பார்த்தவர் இதற்கா அசருவார்? “‘க்’ இருக்கு பார்த்தியா? அப்ப திங்கட்கிழமை இல்ல, புதன்கிழமையும் இல்ல. செவ்வாயிலயும் சனியிலயும் நம்ம ஆளுக கல்யாணம் வைக்க மாட்டாய்ங்க. மிச்சம் ஞாயிறு, வியாழன், வெள்ளி.” நாள்காட்டியைப் புரட்டியதில் அந்த மாதம் ஒரு வியாழனும் ஒரு ஞாயிறும் முகூர்த்த நாளாக நின்றன. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டுப் போனவரிடம் “என்னைக்குங்க கல்யாணம்?” என்று எப்படிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்து புறப்பட்டார்கள்.

கல்யாணம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. அது தெரிய வந்தபோது அண்ணன் 501 ரூபாய் மொய் எழுதி, பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தார். “பொண்ணு வேற. ஆனா சாம்பார் அருமையா இருந்துச்சுடா” என்றார் என்னிடம். மதினிக்கு அதெல்லாம் ஒரு வருத்தமே இல்லை. கிளம்பும்போது மண்டபத்து ஆளிடம் பேசி, முகம் தெரியாத அந்த மணமக்களின் பெயரை வெட்டி ஒட்டியிருந்த தெர்மாகோல் பலகையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

தெர்மாகோல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டார்களே, காற்றடித்து எல்லாம் கரைக்கே திரும்பி வந்ததே, அன்று மதுரையே விழுந்து விழுந்து சிரித்தது. டிவி முன்னால் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தெரிந்து மதினி ஒருவர்தான். “அம்புட்டும் நனைஞ்சு போச்சே. எத்தனை கொலுவுக்கு ஆகும்!”

கொலு வைப்பதில் மதினியை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போதே பழைய தாம்பாளங்களில் மண் பரப்பி, கேழ்வரகு தூவி, ஈரத்துணி போட்டு மூடிவிடுவார். அம்மனைப் படியில் ஏற்றுகிற அன்று பச்சைப் பசேலென்று புல்வெளி தயாராக இருக்கும். பொம்மைகள் விளாச்சேரியிலிருந்து வரும்; அவை குடியிருக்கும் ஊரை மதினியே கட்டுவார். ஒரு வருஷம் மாரியம்மன் தெப்பக்குளத்தையே செய்தார். பழைய பீரோக் கண்ணாடிதான் தண்ணீர், நடுவில் தீப்பெட்டிகளால் மைய மண்டபம். பக்கத்தில் நீளமாக மணலைக் கொட்டி, இரண்டு கருவேலமுள்ளும் நட்டு வைத்திருந்தார். மஞ்சள் குங்குமத்துக்கு வந்த ஒரு பெண் கேட்டது: “இது என்னக்கா, தண்ணியே இல்ல?”

“அதான் வைகை” என்றார் மதினி, சுண்டலை மடித்துக்கொண்டே.

அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மதினி ஒரு அரசாங்கம் மாதிரி. இரவு ஒன்பது மணிக்குச் சோறு தின்னும்போதுதான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ‘மாடல்’ கொண்டு போக வேண்டும் என்று. அம்மாக்காரி பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்து, நேரே மதினி வீட்டுக்கு இழுத்து வருவாள். சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு, சுவாச மண்டலம், எதுவானாலும் சரி, மதினியிடம் மூலப்பொருள் இருக்கும். கோள்களுக்கு நாப்தலின் உருண்டை முதல் நெல்லிக்காய் வரை அளவுவாரியாக வைத்திருக்கிறார். பிள்ளைக்குத்தான் இதில் ஒரு வேலையும் கிடையாது. “தொடாத, கலைஞ்சுபோகும்” என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார். முதல் பரிசு வாங்குகிற அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை அது நுரையீரல் என்று தெரிந்துகொள்ளும்.

ஒரு தடவை எதிர்வீட்டுப் பையனுக்கு எரிமலை தேவைப்பட்டது. அந்தக் காலத்துக் காகிதக் கூழ்ப் பக்குவம் மதினிக்கு ஆச்சி சொல்லிக் கொடுத்தது: பழைய பேப்பரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவிட்டால் பூச்சி அரிக்காத கூடை வரும். கூடை வரும்போது மலை வராதா? காய்வதற்கு நேரமில்லாததால் ராத்திரி முழுக்க மலைக்கு ஃபேன் போட்டார். அண்ணன் விசிறியோடு படுத்தார். அரைத்தது இட்லி கிரைண்டரில். மறுநாள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு, “தலையங்கம் வாசம் வருது” என்றார் அண்ணன்.

மலை அற்புதமாக இருந்தது. உச்சியில் ஆப்பசோடாவும் குங்குமமும் போட்டு, எலுமிச்சம்பழச் சாற்றைத் தனியாக ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினார். வகுப்பில் ஊற்றினால் செக்கச்செவேலென்று பொங்கும். பையனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தபோது ஊற்றிப் பார்த்துவிட்டான். பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் எரிமலை வெடித்தது அன்றைக்குத்தான். ஒரு வெள்ளை வேட்டிக்காரர் மதினி வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். வந்தவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, கறை படிந்த இடத்தை மறைக்கிற மாதிரி வேட்டிக் கரையோரம் ஒரு கொடி போட்டுத் தரவா என்று கேட்டார் மதினி. நல்ல மனுஷர், வேண்டாம் என்று போய்விட்டார்.

செய்ததெல்லாம் வீட்டிலேயே இருந்தால் வீடு தாங்காது. அதனால் கொடுத்துவிடுவார். புதுமனை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு கைவேலை கூடப் போகும். வாங்கியவர்களால் அதை மாட்டவும் முடியாது, எறியவும் முடியாது. சென்னையில் எங்கள் வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. மதினி பாண்டியன் ரயிலில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்த இரவே அது இறங்கும். பாசிமணிக் கிளி கதவில் தொங்கும், முத்துப் பிள்ளையார் ஃபிரிட்ஜ்மேல் உட்காருவார், தேங்காய்ச் சிரட்டைக் குரங்கு மேசைக்கு வரும். மதினி ஊருக்குப் போனதும் எல்லாம் பெட்டிக்குள் படுத்துவிடும்.

ஒரு தடவை ஒரு சுவர்த் தொங்கலை நாங்கள் சிநேகிதர் வீட்டுப் பால்காய்ப்பில் தள்ளிவிட்டோம். அவர்கள் வேறு எங்கோ தள்ள, அது கைமாறிக் கைமாறி மதுரைக்கே போய், மதினியின் தங்கச்சி வீட்டுக் கூடத்தில் தொங்கியிருக்கிறது. மதினி அதைப் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குப் பேச்சு மூச்சில்லை. தங்கச்சிதான் நடந்ததைச் சொன்னார். மதினி அதைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, “இந்த எடத்துல ஃபெவிகால் விட்டுருச்சு பாரு. கொண்டா, சரி பண்ணித் தர்றேன்” என்றாராம். வேறொன்றும் கேட்கவில்லை. யாரிடம் இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. ஒட்டு விட்டுப்போனதுதான் மானக்கேடு.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பரணை ஒழிக்க வேண்டும் என்று அண்ணன் என்னை வரச் சொன்னார். அவருக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனிடம் அலுமினிய ஏணி இரவல் வாங்கி, என்னை மேலே ஏற்றிவிட்டார்கள்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது பரண் அல்ல, கீழடி. மண்ணடுக்கு மாதிரி காலம் காலமாகப் படிந்திருந்தது.

மேலடுக்கு 2020. ஊரடங்கு. எம்-சீல் பூ ஒட்டிய பாட்டில்கள், மேக்ரமே கயிற்றில் முடிந்த பூந்தொட்டித் தொங்கல்கள். அந்த முடக்கத்தில் பாட்டில் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தெருவில் எல்லா வீட்டிலும் கேட்டு வாங்கினாராம். எந்த வீட்டில் எத்தனை என்று மதினிக்குத் தெரியும், சொல்ல மாட்டார். எலக்ட்ரீசியன் நமக்கு ஏணி தருவது சும்மா இல்லை.

அதன் கீழே காகிதச் சுருள் கம்மல், பட்டு நூல் சுற்றிய வளையல். இது சீக்கிரம் முடிந்த காலம்; மழையில் நனைந்தால் கம்மல் கஞ்சியாகிவிடும் என்பதை ஊர் கண்டுகொண்டது.

அதற்கும் கீழே பலகையில் பாதி முடிந்த ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன். தஞ்சாவூர் ஓவியம். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசித் தேய்த்து, நகை இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் மேடாக்கி, கல் பதித்து, 22 காரட் தங்கத்தாளை ஒட்டுகிற கட்டம்வரை மதினி சரியாக வந்திருந்தார். அப்போது ஃபேன் போடக் கூடாது. மே மாதம். டூட்டி முடிந்து, மாட்டுத்தாவணியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்த அண்ணன், விஷயம் தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டார். கிருஷ்ணனின் கிரீடம் எழும்பிப் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணனின் ஈர வழுக்கையில் இறங்கியது. “அசையாதீக!” என்று மதினி பிரஷ்ஷோடு ஓடிவந்தாராம். அரைமணி நேரம் சுரண்டியும் பாதிதான் வந்தது. மறுநாள் காலை முதல் டிரிப்பில் அண்ணன் தலை மின்ன மின்ன டிக்கெட் கிழித்தார். கிருஷ்ணன் இன்னும் கிரீடமில்லாமல் இருக்கிறார்.

அடுத்த அடுக்கில் ஐஸ் குச்சி வீடும் குரோஷா உறைகளும். டெலிபோனுக்கு, மிக்சிக்கு, டிரான்சிஸ்டருக்கு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக டிவிக்கு. அந்தக் காலத்து டிவியின் தலையில் ஒரு விரிப்பு, விரிப்பின் மேல் பூச்சாடி, பக்கத்தில் தலையாட்டிப் பொம்மை என்று ஒரு குடும்பமே நடத்தலாம். இப்போதைய டிவியின் தலையில் ஒரு ஊசிகூட நிற்காது. டிவி தட்டையாகிப் போனது மதினிக்கு நேர்ந்த பெரிய தொழில் நஷ்டம்.

“மதினி, கீழடி தோத்துச்சு போங்க!” என்று மேலேயிருந்து கத்தினேன்.

“போயிட்டுத்தான வந்தோம்” என்றார் கீழேயிருந்து. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த கையோடு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். “பானை ஓட்ட வட்டமாத் தேச்சு, சில்லு செஞ்சு வச்சிருக்காக தம்பி. ஒடஞ்ச பானையக்கூட அவுக தூக்கிப் போடல, பாத்துக்கிருங்க.”

“அவிய்ங்க தூக்கிப் போட்டதத்தான் இப்ப இவிய்ங்க தோண்டி எடுக்குறாய்ங்க” என்றார் அண்ணன்.

அடியில் வந்தபோது கையில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. கூடை வயர். பச்சையும் மஞ்சளுமாக ஆறு ரோல், கட்டுப் பிரிக்காமல். கீழே போட்டதும் மதினி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், புது மண்டபத்துப் பக்கம் வாங்கியது. அந்தக் காலத்தில் சாயங்காலமானால் தெருவே வாசற்படியில் உட்கார்ந்து கூடை பின்னும். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண். மதினி முதன்முதலில் பின்னிய சிவன் கண் கூடை இன்னும் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது. பூசணிக்காயும் தூக்கும், மண்ணெண்ணெய் கேனும் தூக்கியது. பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஒரு முடிச்சு நெகிழவில்லை. அந்த வீட்டில் தொட்டுப் புழங்க அனுமதியுள்ள கைவேலை அது ஒன்றுதான்.

இந்நேரம் பார்த்து வாசலில் பழைய பேப்பர்காரர் மணியடித்தார். அண்ணன் பிள்ளைபோல் ஓடினார். பாட்டில், அட்டை, ஐஸ் குச்சி வீட்டின் ஒரு மாடி என்று மூன்று சாக்கு சேர்ந்திருந்தது. மதினியும் ஆச்சரியமாக வாயைத் திறக்கவில்லை. தராசு வைத்தார்கள். நான் பரணிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேப்பர்காரர் எடைக்கற்களை ஒரு கிழிந்த பையிலிருந்து எடுத்தார். அந்தக் கிழிசலில் மதினியின் கண் போனது. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

“கல்லுக்கு இந்தப் பை தாங்குமாங்க?”

“மாசம் ஒரு பை போகுதுக்கா. உள்ள ஆணியில தொங்குதே, அந்தக் கூடை மாதிரி ஒண்ணு இருந்தா...”

“அது காய்கறிக் கூடை. அதத் தர முடியாது” என்ற மதினி, வயர் ரோலைக் கையில் எடுத்தார். “அடி மட்டும் போட்டுட்டா மேல சீக்கிரம் வளந்துரும். செத்த இருங்க.”

“இன்னும் ரெண்டு தெரு இருக்குக்கா.”

“தெரு எங்க போயிரப் போகுது?”

வயரை ஒரே அளவாக வெட்ட வேண்டுமென்றால் உயரமான எதிலாவது மேலும் கீழுமாகச் சுற்றியெடுக்க வேண்டும். மதினி சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்குள் வந்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“மதினி, ஏணி...”

“ரெண்டே நிமிஷம் தம்பி!”

பேப்பர்காரர் படியில் உட்கார்ந்து வயர் நுனியைக் கால் கட்டைவிரலில் பிடித்துக்கொண்டார். மதினி ஏணியின் மேல்படிக்கும் கீழ்படிக்கும் சுற்ற ஆரம்பித்தார். எட்டாவது சுற்றில் எதிர்வீட்டு அம்மா வந்து, மஞ்சள் நாலு, பச்சை நாலு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். சுற்றியதைப் பிரித்து மறுபடி ஆரம்பித்தார்கள். அண்ணன் காபி போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கான டம்ளரோடு பரணுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் 2020 மேக்ரமேத் தொங்கல் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கீழே விட்டேன். பூந்தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் அண்ணன் டம்ளரை வைத்து, “ரைட், போலாம்” என்று விசிலடித்தார்.

பாதி தூரம் ஏறியிருக்கும். வாசலிலிருந்து மதினி பார்த்துவிட்டார்.

“அய்யய்யோ, காபியக் கொட்டிறாதீக, அது பின்னலு!”